வெள்ளிக்கோளில் ஔவையார்



வெள்ளிக்கோளின் நடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 18 பாகை தள்ளி ஒரு கிண்ணக்குழி உள்ளது. பண்டைநாளில் விண்ணினின்று வீழ்ந்த பெருங்கல்லொன்று மோதித் தோண்டிய குழி அது. அதன் குறுக்களவு 20 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. தகடூரினின்று பாலக்கோட்டிற்கு வளைவு நெளிவின்றி நேர்கோடிட்டு அளந்தால் ஏறத்தாழ அத்தொலைவே வரும். அக் குழிக்குப் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தார் இட்டுள்ள பெயர் ஔவையார் என்பது. உரோமன் எழுத்தில் அதனை 'அவ்வியார்' என ஒலிக்குமாறு திரித்து எழுதியிருக்கின்றனர். ஆயினும் நம் மூதாட்டியின் பெயரே அஃது என்பதில் ஐயமில்லை.

வெள்ளிக்கோளின் நில உறுப்புகளுக்கு ஒரு சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றிற்கும் பெண்பாற் பெயரே இடவேண்டும் என்பது அவ் வொன்றியத்தின் நெறி. பெரிய குழிகளுக்குப் புகழ்பெற்று மறைந்த பெண்டிர் பெயரையும், சிறியனவற்றிற்குப் பல மொழிகளிலும் பெண்மக்களுக்கு வழங்கும் பொதுப்பெயரையும் இடுகின்றனர். அந் நெறியின்படித் தமிழ்ப் பாட்டி அங்கு இடம்பெற்றாள். ஔவையார் என்னும் பெயர் தாங்கியோர் பலர்; அவருள் எவரை அவர்கள் கருதினர் என்று ஈண்டு வழக்காட வரவில்லை. ஔவை என்றவுடன் நெல்லிக்கனியும், அதனைத் தான் உண்ணாது ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியும், அவன் ஆண்ட இத் தகடூரும் நினைவுக்கு வாராத தமிழன் உளனோ?

அவள் பெயர் தாங்கிய அக் குழியை மாந்தக் கண் ஒருநாளும் கண்டதில்லை. வெள்ளிக்கோளைக் கந்தகக் காடி முகில்கள் இடைவெளியின்றிப் போர்த்திருக்கின்றன. எத்துணைப் பெரிய தொலைநோக்கியால் நோக்கினும் அப் போர்வையே தெரியும். அதன் கீழுள்ள நிலத்தின் வெப்பம் ஏறத்தாழ 460 பாகை. ஈயம் உருகி ஓடும் சூடு. அங்குள்ள வளியழுத்தம் நம் நிலவுலக அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. 1982இல் உருசியர் இறக்கிய வெனேரா 13 என்னும் கலம் 127 நிமையம் செய்தி அனுப்பி அடங்கிற்று. அதனையே பெருஞ்செயலாகக் கொண்டாடினர்.

பின்னர் அக் குழியை யாங்ஙனம் கண்டனர்? 1989 மே 4ஆம் நாள் அமெரிக்கர் ஏவிய மகெல்லன் என்னும் விண்கலம் 1990 ஆகசுட்டில் வெள்ளியை அடைந்து, 1994 அக்டோபர் வரை அதனைச் சுற்றிவந்தது. அது முகிலை ஊடுருவிச் செல்லவல்ல வானொலி அலைகளைக் கீழே அனுப்பி, மீண்டுவரும் எதிரொலியின் காலத்தையும் வலிமையையும் அளந்தது. இருளில் பறக்கும் வௌவால் தன் குரலின் எதிரொலியால் சுவரையும் மரத்தையும் அறிவதை நாம் அறிவோம், அதே முறைதான். கரடுமுரடான நிலம் அலையை நாற்புறமும் சிதறடித்து ஒளியுடையதாய்ப் படத்தில் தோன்றும். வழவழப்பான எரிமலைக் குழம்பு நிலம் கருமையாய்த் தோன்றும். இம் முறையில் அக் கோளின் பரப்பில் 98 விழுக்காட்டிற்கு அக் கலம் படம் வரைந்தது.

கோள்களையும் அவற்றின் நிலவுகளையும் வால்மீன்களையும் விண்கலங்களால் ஆராயும் இக் கல்விக்கு ஈண்டுக் கோளியல் என்று பெயர் கொள்வோம். இதனை நம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு எட்டாத கல்வி என்று நாமே முடிவுசெய்து வைத்திருக்கின்றோம். பாடநூலில் கோள்களுக்கு ஒதுக்கியவை சில பக்கங்கள். கோள்களின் வரிசையை நெட்டுருப் பண்ணி ஒப்பித்தால் பாடம் முடிந்தது. மாலையில் அதே பிள்ளை தாயின் கைப்பற்றிக் கோயிலுக்குச் சென்று ஒன்பது கோள் உருவங்களை ஒன்பது முறை சுற்றுகின்றது. காலையில் படித்த செவ்வாயும் மாலையில் சுற்றிய செவ்வாயும் ஒன்றோ வேறோ என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

இதனால் விளையும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. நம் மாவட்டத்தில் 'செவ்வாய்க் குற்றம்' உடையவள் என்று ஓலைகாரன் சொன்ன ஒரு சொல்லால் திருமணம் தட்டிப்போய் வீட்டிலேயே முதிர்ந்த பெண்மக்கள் எத்துணையர்! என்னிடம் தமிழ் படித்தவர்களுள்ளேயே சிலரை அறிவேன். 2014 செபுதம்பர் 24ஆம் நாள் மங்கள்யான் என்னும் நம் நாட்டுக் கலம் அச் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி, 2022இல் தொடர்பறும்வரை, ஆறு மாதத்திற்கென்று செய்யப்பட்டது ஏழாண்டிற்கு மேல் உழைத்தது. செந்நிறத் துருமண்ணையும், அணைந்த எரிமலைகளையும், புழுதிப் புயலையும், முனைகளில் வெண்பனியையும் அது படம்பிடித்தது. எந்தப் பெண்ணின் வாழ்வையும் கெடுக்கும் கருவி எதுவும் அங்கு இல்லை. இதனை ஒரு தாய்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஆள் ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் அப் பெண்களுள் சிலரேனும் வாழ்ந்திருப்பர்.

ஈண்டு நம்மவர்க்கே ஒன்று சொல்லவேண்டும், சினங்கொள்ளாது கேட்க. புறப்பாட்டில் வானூர்தி என்னும் சொல் வருவதால் பண்டைத் தமிழன் விண்கலம் செலுத்தினான் என்று மேடையில் முழங்குவார் நம்மிடையே உளர். அப் பாட்டில் அச் சொல் புகழொடு மாய்ந்தோர் வானுலகெய்தும் பேற்றைப் பற்றியது, பொறியைப் பற்றியதன்று. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதால் உள்ள பெருமையும் நகைப்பிற்கு இடமாகின்றது. உள்ள பெருமை யாது? நம் முன்னோர் விண்ணில் மின்னுவனவற்றை நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பிரித்தனர். தம்முள் இடைவெளி மாறாது நிற்பன நாள்மீன். அவற்றினூடே இடம்பெயர்ந்து திரிவன கோள்மீன். பொறியின்றி, ஏடின்றி, இரவுதோறும் கண்ணால் நோக்கி நோக்கி அறிந்த வேறுபாடு அது. பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே வெள்ளி திசைமாறுதல் பேசப்படுகின்றது. அது தெற்கே சென்றால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை பிழையே. ஆனால் அது எங்கெங்குச் செல்கின்றது என்று பார்த்துக்கொண்டிருந்த கண் பிழையன்று. அந்த நோக்கும் பழக்கத்தையே நாம் தொலைத்தோம்.

தொலைத்தது முற்றுமன்று என்பதற்குச் சான்று நமக்கு வடகிழக்கே சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் உள்ளது. வைணு பாப்பு என்னும் வானியலறிஞர் அமைத்த விண்நோக்ககம் அது. அவர் 1949இல் மாணவராயிருந்தபோதே வால்மீனொன்றைக் கண்டறிந்தோருள் ஒருவர். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட 1972ஆம் ஆண்டிலேயே ஓர் அரிய வாய்ப்பு வந்தது. சூன் 7ஆம் நாள் வியாழனின் மிகப் பெரிய நிலவாகிய கனிமீடு ஒரு விண்மீனுக்குக் குறுக்கே கடந்தது. ஒரு பொருள் விண்மீனை மறைக்கும்போது ஒளி சட்டென்று அற்றுப்போனால் அப் பொருளைச் சூழக் காற்றில்லை; சிறிது சிறிதாய் மங்கி மறைந்தால் காற்றுண்டு. எளிய ஏரணம்! காவலூரினின்றும் சாவகத் தீவின் இலெம்பாங்கினின்றும் அதனை நோக்கியவர்கள், கனிமீட்டிற்கு மெல்லிய வளிப்போர்வை உண்டு என்று எழுதினர்.

அதன்பின் விண்கலங்கள் சென்றன. 1979இல் வாயேசர் 1 அவ்வழியே கடந்து அளந்தபோது, காற்று இருப்பினும் அது காவலூரார் கணித்ததினும் மிக மிகக் குறைவு என்று தெரிந்தது. 1990களில் அபிள் தொலைநோக்கி அங்கு உயிர்வளியின் மெல்லொளியைக் கண்டது. 2021 சூன் 7ஆம் நாள், காவலூர் நோக்கிய அதே நாளில், 49 ஆண்டு கழித்து, சூனோ என்னும் கலம் கனிமீட்டின்மேல் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. நாள் ஒத்தது தற்செயல். சோதிடர் காதில் விழாமலிருக்கட்டும்! ஐரோப்பியர் 2023 ஏப்பிரலில் ஏவிய கலமொன்று 2030களில் கனிமீட்டையே சுற்றப்போகின்றது. முதற்கணக்குத் திருத்தப்பட்டதைக் காவலூருக்கு இழிவென்று எவரும் கருதவில்லை. அறிவியல் வளரும் முறையே அது. முன்னோர் சொல்லைத் திருத்தினால் பகைக்கும் நம் பண்டித உலகம் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று, யானும் அவ்வுலகத்தவனே.

1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்க வந்தபோதும் காவலூர் விழித்திருந்தது. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் நோக்கினர். கோள் வந்து மறைக்குமுன்னரே விண்மீன் மங்கி மீண்டது. புதியதொரு துணைக்கோள் குறுக்கிட்டது போலும் என்று அவர்கள் கருதினர். அதே இரவில் வானூர்தியில் ஏற்றிய தொலைநோக்கியால் நோக்கிய அமெரிக்கர், அம் மங்கல் பலமுறை நிகழ்ந்ததையும், கோளின் இருபுறமும் ஒத்த இடங்களில் நிகழ்ந்ததையும் கண்டு, அவை வளையங்கள் என்று தெளிந்தனர். 1986 சனவரி 24ஆம் நாள் வாயேசர் 2 அக் கோளை நெருங்கிக் கடந்து அவ் வளையங்களைப் படமாகவே காட்டிற்று. புதிய துணைக்கோள்கள் பத்தையும் கண்டது. இன்றுவரை யுரேனசை நெருங்கிய கலம் அஃதொன்றே.

இனி நிலவுக்கு வருவோம். இச் செய்தி நம் வாயிலையே கடந்து சென்றது.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்ப்பக்கங்களில் வெண்சாம்பல் நிறப் பாறையொன்று உண்டு. அனார்த்தொசைட்டு என்பது நிலநூலார் அதற்கு இட்ட பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. சுண்ணகமும் அலுமினியமும் மிகுந்த கனிமத்தால் ஆயது. நிலவின் வெண்மையான மேட்டுநிலம் முழுதும் இவ்வகைப் பாறையே. நிலவில் இறங்கும் கலத்தையும் அதனுள்ளிருந்து உருண்டோடும் சிறு வண்டியையும் இங்கேயே ஓட்டிப் பார்க்க நிலவு மண் போன்ற மண் வேண்டியிருந்தது. அயல்நாட்டில் வாங்கினால் பெருஞ்செலவு. ஆகவே இசுரோ அறிவியலார் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலநூலாசிரியர்களின் துணையோடு இப் பாறையைத் தேர்ந்து, நொறுக்கி, அரைத்து, நிலவுமண்ணின் துகளளவுக்கு ஒப்பச் சலித்துப் பெங்களூருக்குக் கொண்டுசென்றனர். சென்றது பல பத்து டன். அம் மண் செய்யும் முறைக்கு 2020இல் இசுரோ காப்புரிமையும் பெற்றது. சேலத்தினின்று பெங்களூர் செல்லும் பெருவழி தொப்பூர்க் கணவாய் ஏறி நம் தகடூரைக் கடந்தன்றோ செல்கின்றது? கல்லேற்றிய சரக்குந்துகளை நாள்தோறும் பார்க்கும் நம் கண்ணுக்கு அவற்றுள் நிலவுக்குரிய மண்ணும் சென்றது தெரியாது போயிற்று.

2023 ஆகசுட்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமையத்திற்குச் சந்திரயான் 3 நிலவின் தென்பகுதியில், ஏறத்தாழ 69 பாகையில் இறங்கிற்று. அக் கலத்தின் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். உருண்டோடிய வண்டி ஏறத்தாழ 100 மீட்டர் சென்று, 23 இடங்களில் மண்ணை ஆய்ந்தது. கதிரியக்கத் தனிமம் ஒன்றைக் கருவியுள் வைத்து, அதன் கதிர்களை மண்மேல் பாய்ச்சினால், மண்ணிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய ஊடுகதிரை வெளிவிடும். அதனைக் கொண்டு இன்னது இவ்வளவு என்று கணிக்கலாம். அக் கணிப்பு 2024 ஆகசுட்டில் வெளியாயிற்று. இறங்கிய இடத்து மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தொசைட்டே என்று அது காட்டிற்று. நிலவு தோன்றிய காலத்தில் முழுதும் உருகிய கற்குழம்புக் கடலாயிருந்தது. கனமான கனிமங்கள் ஆழ்ந்தன. இலேசானவை, காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல், மிதந்து உறைந்து மேலோடாயின என்னும் கொள்கைக்கு இஃது ஒரு வலிய சான்று. முன்னர்ச் சென்ற கலங்கள் மண்ணை ஆய்ந்தவை பெரிதும் நிலவின் நடுப்பகுதிகளில். தென்முனைப் பக்கத்தில் நேரே தொட்டு ஆய்ந்தது இதுவே முதன்முறை. மண்ணுள் செருகிய வெப்பமானி மேலே 50 பாகைக்கு மிகுதியும், 8 செ.மீ. ஆழத்தில் சுழிக்குக் கீழே 10 பாகையும் காட்டிற்று. ஒரு சாண் ஆழங்கூட இல்லை. கோடையும் கடுங்குளிரும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன!

இச் செய்தியை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அப்படியானால் நாமக்கல் கல்லைப் பார்த்தால் நிலவைப் பார்த்தது போலவா?" என்று வினவினான். முற்றும் அப்படியன்று. நிலவில் காற்றும் மழையும் இல்லை. ஆதலின் அங்குள்ள துகள் தேய்ந்து உருளாமல் கூர்மையாகவே கிடக்கும். விண்கற்கள் இடித்து இடித்து அரைத்த மண் அது. ஆனால் கல் ஒரே இனம். இதனை அவனுக்குத் தமிழில் சொல்ல எனக்கு ஓர் அயற்சொல் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. இயற்பியல் கல்லாத தமிழாசிரியன் சொன்னதை அவன் விளங்கிக்கொண்டான் என்றால், கற்ற ஆசிரியர் சொன்னால் எவ்வளவு விளங்கும்!

"நம் கிணற்றில் நல்ல நீரில்லை, நிலவில் நீர் தேடப் பணம் கொட்டுகின்றனரே" என்று கேட்பாருண்டு. தகடூர் மாவட்டத்தில் இக் கேள்வி பிறப்பது இயல்பு. நம் ஊர்களில் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளையும் எலும்பு வளைந்த முதியோரையும் கண்டு வளர்ந்தோம். குடிநீரில் புளோரைடு மிகுந்ததன் விளைவு அது. ஒரு இலிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. நம் ஆழ்துளைக் கிணறுகள் பல அவ் வரம்பைக் கடந்தவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வரும்வரை காவிரி நம் எல்லையில் ஓடியும் நாம் கேட்டைப் பருகினோம். இதனை மறைக்க யான் எண்ணவில்லை. கேட்பவர் சினம் நேரியது.

ஆயினும் எண்ணிப் பார்க்க. அந்தப் புளோரைடு எங்கிருந்து வந்தது? நம் காலடிப் பாறையிலுள்ள கனிமங்களினின்று, நீர் நெடுநாள் தங்கிக் கரைத்ததால் வந்தது. எந்தப் பாறையில் எந்தக் கனிமம், அது நீரில் எவ்வாறு கரையும் என்று அறியும் கல்வியும், நிலவின் பாறையை ஆயும் கல்வியும் ஒன்றே. சந்திரயான் 1 என்னும் கலம் 2008 அக்டோபர் 22இல் ஏவப்பட்டது. அதில் ஏற்றிய அமெரிக்கக் கருவி நிலவில் நீரின் தடத்தைக் கண்டதாக 2009 செபுதம்பரில் அறிவித்தனர். அக் கருவி நீரைத் தொடவில்லை. ஞாயிற்றொளி நிலவில் பட்டு மீளும்போது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அலைநீளமுடைய கண்காணா ஒளி மட்டும் குறைந்திருப்பதைக் கண்டது. அவ் வொளியை உண்பது நீரும் அதன் உறுப்பும். ஒளியைக் கொண்டு பொருளை அறியும் இந்த வித்தையே இன்று வயலையும் ஏரியையும் மேலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்களிலும் இருக்கின்றது. ஆகவே வேண்டுவது நிலவாய்வை நிறுத்துவதன்று. அக் கல்வி கற்ற பிள்ளைகள் பத்துப் பேராவது பென்னாகரத்திலும் அரூரிலும் தோன்றி நம் கிணற்றடிக்கும் வருவதேயாம்.

அவர்கள் தமிழில் கற்றுத் தோன்ற இயலுமா என்று ஐயுறுவார்க்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. சந்திரயான் 1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து ஊர்ப்புற அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி கற்றவர். 'கையருகே நிலா' என்று தம் பட்டறிவைத் தமிழிலேயே நூலாக்கினார். 2018 முதல் 2022 வரை இசுரோவின் தலைவராயிருந்த சிவன் குமரி மாவட்டச் சரக்கல்விளையில் தமிழ்வழி கற்றவர். இவர்களுக்கு முன்னரே பெ. நா. அப்புசாமி வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டினார். இத்தனைக்கும் பின்னர் 'தமிழில் முடியாது' என்பவன் தன்னால் முடியாது என்று சொல்லுகின்றான் என்றே கொள்க.

தமிழர் உழைத்த கலங்களுக்கெல்லாம் சந்திரயான், மங்கள்யான், பிரக்கியான், ஆதித்தியா, ககன்யான் என்று வடமொழிப் பெயரே இடுவது நமக்கு உவப்பன்று. பல மொழி பேசும் மக்களின் பணத்தால் செய்யும் கலத்திற்கு அம் மொழிகளின் பெயர் முறைவைத்து வருதலே நேர்மை. இதனைக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் பெயர்க் கிளர்ச்சியோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணினால் அது சோம்பலுக்கு இட்ட போர்வை. கலத்தின் பெயரைத் தில்லி மாற்றவேண்டும். பாடநூலின் தமிழைத் திருத்த நம்மைத் தடுப்பார் யார்?

அதில் நம் குறை மிகப் பெரிது. ஒரே பொருளுக்கு நான்கு சொல் வைத்துக்கொண்டு பிள்ளையைத் திணறவைக்கின்றோம். 'தூமகேது' என்பதைத் தள்ளுவோம். 'வால் நட்சத்திரம்' சொல்லும் வடமொழி, பொருளும் பிழை; அது விண்மீனன்று. பனிக்கட்டியும் தூசும் கரியும் கலந்த சிறு மலை அது. ஞாயிற்றை நெருங்கும்போது பனி ஆவியாகித் தூசொடு பீறிட்டு வாலாகின்றது. 1986 மார்ச்சில் சியோட்டோ என்னும் ஐரோப்பியக் கலம் ஏலி வால்மீனின் அருகே சென்று அதன் உள்ளுடலைக் காட்டியபோது, கரியினும் கருத்த ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளக் கட்டி தெரிந்தது. 2014 ஆகசுட்டில் உரோசெட்டா என்னும் கலம் வேறொரு வால்மீனை அடைந்து ஈராண்டு உடன்சென்றது. அதன் துணைக்கலம் நவம்பர் 12இல் அவ் வால்மீன்மேலேயே இறங்கிற்று. அவ் வால்மீனின் நீரில் கனநீரகத்தின் விகிதம் நம் கடல்நீரிலுள்ளதைப்போல் மும்மடங்கு. ஆகவே நம் கடலை நிரப்பியவை அத்தகைய வால்மீன்கள் ஆகா என்று அப்போது கருதினர்.

எஞ்சியவை வால்வெள்ளி, வால்மீன் என்னும் இரண்டு. வால்வெள்ளி நாட்டுப்புற வழக்கு. ஈழத் தமிழரிடையேயும் பெருக வழங்குவது. எனக்கும் இனிய சொல்லே. ஆனால் கோளியல் பாடத்தில் வெள்ளி என்பது ஒரு கோளின் பெயராயிருக்க, வால்வெள்ளி என்றால் வெள்ளிக்கோளுக்கு வால் முளைத்ததோ என்று மயங்க இடமுண்டு. மீன் என்பது மின்னுவது. நாள்மீன், கோள்மீன், வால்மீன் என மூன்றும் ஓரினமாய் நிற்கின்றன. ஆதலின் பாடநூலுக்கு வால்மீன் ஒன்றே போதும் என்பது என் முடிபு. அவ்வாறே கோள்களுக்கு அறிவன், வெள்ளி, செவ்வாய், வியாழன், காரி என்னும் தமிழ்ப் பெயர்களை ஆள்க. யுரேனசு, நெப்தியூன் இரண்டையும் நம் எழுத்தொலிக்கு இசைய எழுதினால் போதும். அவற்றிற்கு ஆளுக்கொரு பெயர் புனைந்து அடித்துக்கொள்வதில் பயனில்லை.

விண்கலங்கள் எடுத்த படங்களும் அளவுகளும் பெரும்பாலும் பூட்டி வைக்கப்படவில்லை. அமெரிக்கரும் ஐரோப்பியரும் இசுரோவும் குறித்த காலம் கழிந்தபின் அவற்றை யாவர்க்கும் இணையத்தில் திறந்துவைக்கின்றனர். மகெல்லன் கலம் அழிந்து ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து, 2023இல், அதன் பழம்படங்களையே இரண்டு அறிஞர் மீண்டும் ஒப்பிட்டு நோக்கினர். 1991 பெப்ரவரியில் எடுத்த படத்தில் வட்டமாயிருந்த எரிமலை வாய் ஒன்று அக்டோபரில் எடுத்த படத்தில் பெருத்து உருமாறியிருந்தது. வெள்ளியில் எரிமலை இன்றும் உயிர்ப்போடுள்ளது என்பதற்கு அது சான்றாயிற்று. அவர்கள் புதுக்கலம் ஏவவில்லை. கிடந்த படத்தைப் பொறுமையாய்ப் பார்த்தனர். பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் வேலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்தப் பொறுமை நம் குலச்சொத்தன்றோ! ஒரு கணிப்பொறியும் நல்லாசிரியர் ஒருவரும் இருந்தால் காரிமங்கலத்துப் பள்ளியிலும் இது நடக்கும்.

இந்திய அரசு 2024 செபுதம்பரில் வெள்ளிக்கோளைச் சுற்றும் கலமொன்றிற்கு ஒப்புதல் தந்துள்ளது. 2028 மார்ச்சில் ஏவுவதாகத் திட்டம். அதிலும் முகிலை ஊடுருவும் அலைக்கருவி இருக்கும். ஔவையின் குழியையும் அது பார்க்கக்கூடும். அதற்குள் வெள்ளி, செவ்வாய், நிலவு மூன்றிற்குமாவது நில உறுப்புகளின் பெயர் தமிழில் பொறித்த படச்சுவடி ஒன்று நம் பள்ளிகளில் தொங்கவேண்டும் என்பது என் விழைவு. முதற்படியாகக் கோளியற் சொற்கள் நூறு தொகுத்து வருகின்றேன். அறுபது முடிந்தன. இறங்குகலம், சுற்றுகலம், கிண்ணக்குழி என்பனவற்றில் எனக்கு மனநிறைவே. நிலவிலும் கோளிலும் உருண்டோடும் வண்டிக்கு 'உலாவி' என்று ஒருவர் சொன்னார், அச் சொல் இணையம் பார்க்கும் மென்பொருளுக்கு முன்னரே வழங்கிவிட்டது. 'நிலவுருளி' என்றால் செவ்வாயில் ஓடுவதற்குப் பொருந்தவில்லை. இதற்குச் சொல் அறிந்தவர்களும், வால்மீனை விட்டு வால்வெள்ளியையே கொள்ளவேண்டும் என்று கருதுவோரும் அடுத்த இதழுக்குள் கரணியத்தோடு எழுதுக.